கத்தரி கையில் இருக்கும்போது

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை காய்க்கிற ஊர்களில் இப்போது ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒயின் கம்பெனிக்காரர்கள் கொட்டகை போட்டுக் குட்டிக் கிளாசில் ருசி பார்க்கக் கொடுக்க ஆரம்பித்ததும் தேக்கடிக்குப் போகிற வேன்கள் எல்லாம் அங்கே நின்றுவிட்டுப் போகத் தொடங்கின. நின்ற வேன்களை ஊருக்குள் இழுக்க ஒவ்வோர் ஊரும் தன் பழஞ்சாமான்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, வாசலில் ஒரு போர்டு எழுதிப் போட்டது. எங்கள் கள்ளிமேட்டில் இருப்பது ஒரு கல்தொட்டி. அந்தக் காலத்தில் கோயில் சாமியார்கள் பூசைக்குத் திராட்சை ரசம் எடுக்கப் பழத்தைக் கொட்டி மிதித்த தொட்டி. அதற்குக் காவல் நான்தான். வருகிறவர்கள் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அடுத்த ஊரில் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது, அதையும் இதே மாதிரிதான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தோணியார்புரத்தில் சவரிநாயகம் இருந்தார். எங்களுக்கு வயிற்றெரிச்சல்தான், அதை எதற்கு மறைக்க வேண்டும்.

சவரிநாயகம் பள்ளத்தாக்கிலேயே பேர்போன கவாத்துக்காரர். கொடியைப் பழம் முடிந்த பிறகு எங்கே வெட்ட வேண்டும், எந்தக் கண்ணைத் துளிர்க்க விட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்பதுதான் கவாத்து. அதைத் தப்பாகச் செய்தால் அடுத்த காய்ப்பு முழுக்க இலையாகப் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்தில் ஊர்க் கட்டுப்பாடாக ஒரு கட்டுமானம் உண்டு. கவாத்துக் கத்தரி கையில் இருக்கிற ஆளை யாரும் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் கை தப்பும், காய்க்கிற கண் போய்விடும். வீடு பற்றி எரிந்தாலும், பிள்ளை பிறந்தாலும், வரப்பில் வந்து நின்று, அவனாகக் கத்தரியைக் கீழே வைக்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான். கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு மாமியார் வீட்டில் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயமே இதுதான்.

அவர் மனைவி ரெஜினாள் அப்படித்தான் ஒரு பகலில் தூக்குவாளியோடு வரப்பில் நின்றாள். பந்தலுக்குக் கீழே அவர் ஒரு மாதிரி ஆடுவது தெரிந்தது. இடது கை கல்தூணைப் பிடித்தது, விட்டது, பிடித்தது. வலது கையில் கத்தரி இருந்தது. கூப்பிடுவதா வேண்டாமா என்று அவள் வாய் திறந்து மூடிக்கொண்டே இருக்க, வெட்டிய கொடியின் வாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்க, அவர் தூணோடு சரிந்து உட்கார்ந்து அப்படியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது, அதை ஆசை என்று சொல்வதா சாபம் என்று சொல்வதா தெரியவில்லை: அன்றைக்குத் தொண்டையில் நின்றுபோன அந்த ஒரு கூப்பாட்டை அவரைப் பார்த்துக் கூப்பிட வேண்டும், அவர் திரும்ப வேண்டும். கட்டின நாளிலிருந்து அவள் புருஷன் பேரை அவர் காதுபடச் சொன்னதில்லை. அந்தப் பேர் வாய்க்குள்ளேயே புளித்துக் கிடந்தது.

அந்தோணியார்புரத்தார் பழைய பழக்கிடங்கை வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்கியபோது, கமிட்டிச் செயலாளராக வந்தவன் சவரிநாயகத்தின் கூடப் பிறந்த தம்பி அமலதாசு. அவன் ரெஜினாளிடம் வந்து, "மதினி, அண்ணனுக்கு ஒரு சிலை வைக்கப் போறோம், அண்ணன் போட்ட சட்ட வேணும், வேட்டி வேணும், கத்தரியும் வேணும்" என்று கேட்டான். அவள் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். சட்டையின் மூன்றாவது பித்தான் மட்டும் நீல நிறம், அவள் வேறு கிடைக்காமல் தைத்தது. சிலுவைப்பாட்டை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்குச் சுரூபம் செய்கிற ஆள் வந்து வைக்கோலும் களிமண்ணும் குழைத்து, சுடாமல், வெயிலிலேயே காயவைத்து வர்ணம் அடித்தார். ரெஜினாளைக் கேட்டுக் கேட்டு நெற்றித் தழும்பைக்கூட வைத்தார். கையை உயர்த்தி, கத்தரியைத் திறந்து, தலைக்குமேல் கட்டிய பிளாஸ்டிக் கொடியைப் பார்த்தபடி சவரிநாயகம் மேடையில் நின்றார்.

அந்த வருஷம் அமலதாசின் தோட்டத்தில் கவாத்து தொடங்க வேண்டிய காலையில் மேடை காலியாக இருந்தது. கூட்டுகிற பெண் வாசல்வரை காய்ந்த மண் உதிர்ந்திருப்பதைப் பார்த்து, யாரோ செருப்போடு உள்ளே வந்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளினாள். சிலை அமலதாசின் தோட்டத்தில் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தது. அமலதாசின் பெண்சாதி எப்போதும்போல ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து தூணடியில் வைத்தாள், அது ஆறிப்போனதும் எடுத்துத் தானே குடித்தாள். யாரும் பயந்து ஓடவில்லை, யாரும் அலறவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் வரப்பில் வந்து கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதே வெட்டுத்தான்" என்று சொன்னார், அதோடு ஊருக்கு அந்த விஷயம் தீர்மானமாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் சவரிநாயகம் கத்தரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்துபோய் மேடையில் ஏறி நின்றார்.

பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பங்குச்சாமியார் இதைக் கடவுள் செய்த புதுமை என்று பிரசங்கத்தில் சொல்லக் கூடாது என்று கமிட்டி கேட்டுக்கொண்டது. புதுமை என்றால் மேலிடத்திலிருந்து விசாரிக்க ஆள் வரும், வந்தால் கிடங்கைப் பூட்டச் சொன்னாலும் சொல்லும். சாமியாருக்கும் அது சௌகரியமாக இருந்தது. யார் தோட்டத்துக்கு எப்போது என்று முறை வைத்தார்கள், முறையில் சண்டை போட்டார்கள், சண்டையை ஆராதனைக்குப் பிறகு கோயில் வாசலில் தீர்த்துக்கொண்டார்கள். சுடாத மண் ஆனதால் தூறல் விழுந்தால் கரைந்துவிடுவாரே என்று, பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு நடக்க ஓர் ஆளை வைத்தார்கள். அவர் சவரிநாயகத்துக்குக் குடை பிடித்துப் பிடித்துத் தான் நனைந்து சளி பிடித்துக் கிடந்தபோது ஊரே அவரை நன்றியில்லாதவர் என்று ஏசியது. வெடிப்பு விட்ட முழங்கையைப் பெண்கள் பிசைந்த மண்ணால் பூசிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மதியம் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார். காய்ப்பு என்றால் அப்படியொரு காய்ப்பு. குலைகளின் கனத்தில் பந்தல் கம்பிகள் தொய்ந்தன, பழத்தின் வாசனை நெடுஞ்சாலைவரை வந்து வேன்களைத் திருப்பியது. காலையில் தோட்டத்தில் வேலை செய்கிற சிலை, சாயங்காலம் மேடையில் நிற்கிற சிலை, இரண்டையும் பார்க்க ஒரே டிக்கெட். அந்தோணியார்புரத்து ஆண்கள் கத்தரி பிடிப்பதையே விட்டுவிட்டார்கள். எங்கள் கள்ளிமேட்டு ஆட்களைக் கூலிக்குக் கூப்பிடுவதும் நின்றுபோனது. எங்கள் தொட்டியில் ஒரு பூனை குட்டி போட்டது, அதைப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

ரெஜினாள், சிலை இறங்கிய முதல் நாள் காலையிலேயே ஓடி வந்தாள். வரப்பில் நின்று பார்த்தாள். நீலப் பித்தான் தெரிந்தது. தோளைச் சற்றுத் தூக்கி வெட்டுகிற அதே பழக்கம் தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அமலதாசு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"மதினி, உங்க கால்ல விழுகுறேன். கத்தரி கையில இருக்கு. கூப்புட்டுராதீக."

"நான் கூப்புடணும் தம்பி. அன்னைக்கே கூப்புட்டுருக்கணும்."

"கூப்புடலாம். யாரு வேணாம்னா? இந்தச் சுத்துக் கவாத்து முடியட்டும். நானே கத்தரிய வாங்கிக் கீழ வைக்கிறேன். நீங்க ஆற அமரக் கூப்புடுங்க. அண்ணன் உங்க கூட வீட்டுக்கு வரட்டும். அந்தோணியார் மேல சத்தியம்."

இதில் உள்ள வஞ்சகத்தை எங்கள் பள்ளத்தாக்கைத் தெரியாதவர்களுக்கு விளக்க வேண்டும். மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே அப்படி இல்லை. ஒரு தோட்டத்தில் பழம் வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் கவாத்து. வருஷம் பூராவும் எங்காவது ஒரு மூலையில் ஒரு கொடி கத்தரிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அமலதாசுக்கு அது தெரியும். ரெஜினாளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் நம்பினாள், ஏனென்றால் சொன்னவன் அவள் கையால் சோறு தின்று வளர்ந்த கொழுந்தன். அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவள் அவள்.

மேலத்தெருக்காரர் தோட்டம் முடியட்டும் என்றான். முடிந்தது. கோயில் தோட்டம் மட்டும் பாக்கி, சாமி காரியம் என்றான். அதுவும் முடிந்தது. அதற்குள் முதலில் வெட்டிய தோட்டம் பழம் முடிந்து மறுபடியும் கவாத்துக்கு நின்றது. ரெஜினாளுக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர் உண்டு. அதற்கு முறை கேட்டாள், அங்கே அவர் வந்தால் கடைசிக் கொடியோடு கத்தரியைத் தானே வாங்கிக் கீழே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். "நம்ம வீட்டுத் தோட்டம்தான மதினி, கடைசியா பாத்துக்கலாம். மொதல்ல ஊருக்குச் செய்வோம்" என்றான் அமலதாசு. கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஊருக்குச் செய்து முடிகிற நாள் வரவே இல்லை. அவளுடைய கொடி வெட்டுப்படாமல் பின்னிப் பிணைந்து, இலைமேல் இலையாக ஏறி, பந்தலுக்குக் கீழே பட்டப்பகலில் இருட்டாகிவிட்டது.

அமலதாசு தனியாக இதைச் செய்தான் என்று நான் சொல்லவில்லை. ஊரே செய்தது. அவள் தெருவில் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தோட்டப் பக்கம் நடந்தால், எதேச்சையாக வருவதுபோல ரெண்டு பேர் முன்னால் வந்து நலம் விசாரித்து, கையில் ஒரு பை பழத்தைக் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பழத்தின் தித்திப்பை நாக்கில் வைத்துப் பார்த்து அவள் அது எந்தத் தோட்டத்துக் கொடி, எப்போது வெட்டியது என்று கண்டுகொண்டு, தின்னாமல் வைத்துவிடுவாள். வீடெங்கும் பழம் அழுகி ஈ மொய்த்தது. இரவு முழுக்க மேடையில் நிற்கிறாரே, அப்போது கூப்பிட்டால் என்ன என்று கேட்டாள். அப்போதும் கத்தரி கையில்தான் இருக்கிறது, கட்டுமானம் கட்டுமானம்தானே என்றார்கள். கட்டுமானத்தை அவ்வளவு கறாராகக் காப்பாற்றிய ஊரை நான் பார்த்ததில்லை. கத்தரியை எடுத்துவிட்டால் கூப்பிடலாமே என்றாள். களிமண் விரல், உடைந்துவிடும் என்றார்கள்.

கடைசியில் அந்தோணியார் திருநாளுக்கு முந்தின வாரம், திருநாள் அன்றைக்கு நிச்சயம் என்று அமலதாசு எல்லார் முன்னாலும் சொன்னான். ரெஜினாள் புடவையைத் துவைத்துப் போட்டாள், வீட்டைக் கழுவினாள், கட்டிலுக்குப் புதுப் பாய் வாங்கினாள். களிமண் புருஷனுக்கு என்ன ஆக்கிப் போடுவது என்று யோசித்துக் கருவாட்டுக் குழம்பே வைத்தாள். திருநாள் அன்றைக்குக் காலையில் சவரிநாயகம் அமலதாசின் தோட்டத்தில், நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கவாத்து பண்ணிக்கொண்டிருந்தார். சுற்றுலாக்காரர்கள் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கயிற்றைத் தாண்டினாள். குடைக்காரர் ஒதுங்கிக்கொண்டார். அவள் நேராக அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக, ஊர் கேட்கக் கூப்பிட்டாள்.

"சவரி!"

கத்தரி திறந்தபடி அந்தரத்தில் நின்றது. இது யாரோ சொல்லி நான் கேள்விப்பட்டது இல்லை. அன்றைக்குத் திருநாள் சப்பரம் பார்க்க நானும் போயிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். கை நின்றது. வெட்டின கொடியின் வாயிலிருந்து நீர் ஒரு சொட்டு விழுந்தது, அவர் நெற்றியில் விழுந்து தழும்பு வழியாக இறங்கி வர்ணத்தைக் கரைத்துக்கொண்டு போனது. காது கேட்ட மனிதன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். பிறகு கத்தரி மூடியது. கொடி விழுந்தது. அவர் அடுத்த கண்ணைத் தேடிக் கையை நீட்டினார்.

திரும்பவில்லை. கேட்டும் திரும்பவில்லை.

ஊர் மூச்சு விட்டது. அமலதாசு அவள் தோளைத் தொட்டு, வருத்தமாகவே, "பாத்தீகளா மதினி, அண்ணனே வேலதான் பெருசுன்னு நிக்கிறாக. நாங்க என்ன பண்ண?" என்றான். அதுவரை அவளை ஏமாற்றினது ஊரும் கொழுந்தனும். அவர்கள்மேல் அவள் கோபத்தை வைத்திருந்தாள், கோபத்துக்கு ஒரு இடம் இருந்தது. இப்போது கேட்டும் திரும்பாதவர் அவரே. அவள் வீட்டுக்குப் போய்க் குழம்பைச் சாக்கடையில் ஊற்றினாள்.

மறுநாள் சவரிநாயகத்துக்கு ஓய்வு. திருநாள் அன்றைக்கு விட வேண்டிய ஓய்வைக் கூட்டத்துக்காக ஒரு நாள் தள்ளிவைத்திருந்ததால் பகலிலும் மேடையில் நின்றார், கத்தரியோடுதான். ரெஜினாள் வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். அவளிடம் இதுவரை யாரும் டிக்கெட் கேட்டதில்லை. விளக்கம் சொல்கிற பெண் ஜெனிபர் சிலைக்கு முன்னால் வந்து, சட்டை அசல் சட்டை, கத்தரி அசல் கத்தரி என்று சொல்லிக்கொண்டு வந்தவள், கூட்டத்தில் ரெஜினாளைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு, "இந்தா நிக்கிறாங்கல்ல, இவங்கதான் இவரோட வீட்டுக்காரம்மா" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் இல்லம்மா. எனக்கு இவரத் தெரியாது."

மதுரைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சட்டைய நீங்கதான் குடுத்தீங்களாமே?" என்றார்.

"எங்க வீட்டுச் சட்ட இல்லங்க அது."

சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து அமலதாசு வந்தான். "என்ன மதினி, வந்தவங்க முன்னாடி விளையாட்டு? அண்ணனத் தெரியாதுங்கிறீக?"

ரெஜினாள் சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றித் தழும்பில் வர்ணம் கரைந்த கோடு இருந்தது. நிதானமாக, சாட்சி சொல்கிறவள்போலச் சொன்னாள்: "இந்த ஆள நான் பாத்ததே இல்ல."

சுவிசேஷத்தில் கோழி கூவுமுன் சீடர் மறுதலித்ததுபோல மூன்று தடவை ஆயிற்று. கோழி எதுவும் கூவவில்லை. அது கோழி கூவுகிற நேரமும் இல்லை. அவள் டிக்கெட்டைக் கிழித்து வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பின பிறகுதான் கத்தரி விழுந்த சத்தம் கேட்டது என்கிறாள் ஜெனிபர். விரல்கள் உடையவே இல்லை, தானாகத்தான் விரிந்தன. கழுத்து முதலில் திரும்பியது, பிறகு இடுப்பு, பிறகு கால். மண் பொரிந்து தரையெல்லாம் கொட்டியது. சவரிநாயகம் வாசலைப் பார்த்து நின்றார். வாசலில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. கத்தரியை எடுத்துக் கையில் சொருகிப் பார்த்தார்கள், நழுவி விழுந்தது. அமலதாசு அண்ணே அண்ணே என்று கூப்பிட்டான். அப்புறம் ஊரே முறைவைத்துக் கூப்பிட்டது, மாமா என்றும் சித்தப்பா என்றும் மாப்பிள்ளை என்றும். சாமியார் கோயில் மைக்கைக் கொண்டுவந்து கூப்பிட்டார். மண் முகம் அசையவில்லை. தோட்டங்களில் கொடி தலைக்குமேல் போயிற்று. கத்தரி பிடிக்க மறந்துபோன ஆண்கள் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் கள்ளிமேட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். நாங்கள் போனோம், கேட்ட கூலி கொடுத்தால்தான் வருவோம் என்று சொல்லித்தான் போனோம்.

ரெஜினாள் உத்தமபாளையம் சந்தையில் புதிதாக ஒரு கத்தரி வாங்கிவந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருட்டிக் கிடந்த தன் அரை ஏக்கரில் ஒரு மூலையிலிருந்து தொடங்கியிருந்தாள். எங்கள் பக்கம் பெண்கள் கவாத்து பண்ணிப் பார்த்ததில்லை. முதலில் கண் தப்பியது, கை கிழிந்தது, பிறகு கை படிந்தது. வெட்ட வெட்ட வெளிச்சம் துண்டு துண்டாக உள்ளே விழுந்தது.

ஊர்க்காரர்கள் அங்கே வந்தார்கள். அமலதாசு முன்னால் நின்றான், பின்னால் கமிட்டி, அதற்குப் பின்னால் குடைக்காரர். ஒரே ஒரு தடவை வந்து அவரைக் கூப்பிட்டால் போதும், இறங்கிவிடுவார், அவளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்ல வந்தார்கள். அமலதாசு "மதி—" என்று வாயெடுத்தான்.

அவள் முதுகைத் திருப்பாமலே கத்தரியை ஒருமுறை தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். கட்டுமானம் கட்டுமானம்தானே. வரப்பில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். அரை ஏக்கர் முடிந்ததும் அவள் கத்தரியைக் கீழே வைக்காமலே வாய்க்காலைத் தாண்டி எங்கள் கள்ளிமேட்டுப் பக்கம் நடந்தாள், அங்கே ஒரு தோட்டத்தில் அவளை வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். அது முடிந்தால் அடுத்தது இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் கவாத்து என்றைக்கும் முடிவதில்லை.